முதல் இரண்டு நாளைக் காலியாக விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் நார்வேயின் துரோம்சோ பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். இரவு வானில் பச்சையாக அலையும் வடதுருவ ஒளி, ரெயின்டீர், நாய்கள் இழுக்கும் வண்டி என்று எல்லாமே இருந்தது, விமானத்திலிருந்து இறங்கித் தங்கும் வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்வதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. போன டிசம்பரில் நண்பர்கள் ஐந்து பேர் அங்கே ஒரு வாரம் தங்கினோம். திட்டம் போட்டது நான், அதனால் திட்டு வாங்கியதும் நான்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கினால் வெளியே கும்மிருட்டு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதே இல்லை, நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனோம். ஆனால் உடம்பு படிக்கவில்லையே! ஐந்து மணிக்கே சோபாவில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தவர்கள் விழித்தபோது இரவு மணி ஒன்று. வடதுருவ ஒளி பார்க்க அன்று மாலைக்கே பணம் கட்டி வைத்திருந்த பஸ் எங்களை விட்டுவிட்டு எப்போதோ போயிருந்தது.

அதற்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்ததே பெரிய கதை. துருவ வட்டத்துக்கு வடக்கே என்றதும் மைனஸ் முப்பது என்று பயந்து, கிடைத்த துணியையெல்லாம் பெட்டியில் அடைத்திருந்தோம். கடலின் வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தில் அங்கே ஜனவரி சராசரியே மைனஸ் 4 வாக்கில்தான். கேட்க நன்றாக இருக்கிறது, நடக்கத்தான் வினை. பனி கொஞ்சம் உருகும், மறுபடி உறையும், பாதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். டாக்ஸி நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது அடி மேடு. பெட்டியின் சக்கரம் பனியில் உருளவில்லை, பெட்டி பின்னால் சறுக்க, அதோடு என் தோழியும் போனாள். நல்ல வேளை, இடுப்பில் அடி மட்டும்தான். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டு, தன் காலணியின் அடியைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் பட்டையில் சின்னச் சின்ன உலோக முட்கள். பெயர் ப்ரொடர்.

சரி, வீட்டுச் சாவி வைத்திருந்த, எண் போட்டால் திறக்கும் சாவிப் பெட்டியைத் திறக்கலாம் என்றால் அதன் எண் இருந்த போன் குளிரில் அணைந்துவிட்டது, நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன்! கோட்டுக்குள் நெஞ்சோடு பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் உயிர் வந்தது. எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை, அது இன்னொரு தப்பு. நார்வேயில் ஞாயிறன்று பெரிய கடைகள் பெரும்பாலும் சட்டப்படி மூடியிருக்கும், சின்ன மளிகைக் கடைகள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ரொட்டியும் பாலும் கிடைத்தன. ப்ரொடர் வாங்கத் திங்கள்வரை காத்திருந்தோம், அதுவரை பென்குயின் நடைதான். காட்டன் காலுறையோடு வந்த இருவர் பாடு அதைவிட மோசம். காட்டன் ஈரத்தை விடாது, கால் விறைத்துப் போகும், கம்பளிக் காலுறைதான் சரி. அப்புறம் ஐந்து பேரின் பூட்ஸும் கையுறையும் காய்வதற்கு ஹாலில் ஒரே ஒரு ஹீட்டர். எந்த அறை யாருக்கு, ஜன்னல் திறப்பதா மூடுவதா என்றெல்லாம் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்திருந்தால் முதல் இரவிலேயே இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் கேட்கிறேன், இந்த மாதிரி ஊர்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது வந்திறங்கும் நாளுக்கும் கால் பத்தி ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாளுக்கு எதற்கும் பணம் கட்டாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் தகும்.

வடதுருவ ஒளியைப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். நாலாம் நாள் இரவு குப்பை போடப் போனவன் வாசலில் நின்று கத்தினான். மீதி நாலு பேரும் காலுறையோடு பனிக்குள் ஓடினோம், ப்ரொடர் நாலு ஜோடியும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி