பெயர் தெரியாத அந்த அக்காவுக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, இது உங்களுக்குத்தான். பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அன்று காலைதான் அப்பா இறந்துபோயிருந்தார். 11 நாளாக முழங்காலில் நின்று கேட்டது அவர் பிழைக்க வேண்டும் என்ற ஒன்றைத்தான், கிடைக்கவில்லை. வந்தவர்கள் 'கர்த்தருடைய சித்தம்', 'விசுவாசம் போதவில்லையோ என்னவோ' என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள் (இரண்டாவதைச் சொன்னவரை இன்னும் என்னால் முகம் கொடுத்துப் பார்க்க முடியவில்லை). நீங்கள் எதுவும் சொல்லவில்லை. 'இனி ஜெபிக்க வாய் வரலைக்கா' என்று நான் சொன்னபோது, பையிலிருந்து ஓரம் நைந்த வேதாகமத்தை எடுத்து 88-ஆம் சங்கீதத்தை (வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்று) திறந்து என் மடியில் வைத்தீர்கள், அவ்வளவுதான். 18 வசனம். இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று ஒரே புலம்பல். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கையாக ஒரு வார்த்தை வந்துவிடும், இதில் அதுவும் இல்லை. அப்போஸ்தலன் பவுல், தன்னை முள்ளாகக் குத்திய ஒரு வேதனையை எடுத்துவிடும்படி கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை என்பதைச் சின்ன வயதிலிருந்து பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், அது என்னவோ எனக்கு ஒட்டியதே இல்லை, இது ஒட்டியது.

எழுந்து போகும்போது மட்டும், 'இந்தச் சங்கீதத்துல இப்படிக் கேட்டவனையே கர்த்தர் தள்ளாம வச்சிருக்காரே, உன்னைத் தள்ளுவாரா' என்றீர்கள்.

ஏன் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனாலும் ஜெபிக்கிறேன், சில நாள் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டு ஆளும் அன்று உள்ளேதான் இருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள். ரொம்ப நன்றி அக்கா.