வாய்க்கால் கட்டுகளைக் கொங்கிரீட் போட்டு மூடாதீர்கள்: பாதைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாதை, வாய்க்கால், காடு, ரயில் என்று ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். சைக்கிள் சுற்றுலாப் பாதை ஒன்று வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கம் அவ்வப்போது எழும்பும், மாரி மழை தொடங்கியதும் அடங்கிப்போகும். பேச்சு எழும்பும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். சிவப்பு இன்டர்லொக் கல், இரண்டு பக்கமும் வர்ண விளக்கு, நடுவில் நின்று போட்டோ எடுக்க ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட பலகை. வாவிக்கரையில் அது இருக்கட்டும், பின்னேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க நல்லதுதான். நான் கேட்க வந்தது வேறு. நாலைந்து நாள் சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கக்கூடிய, கரடுமுரடான, அதிகம் காசு கேட்காத தூரப் பாதை. அதற்கான நிலம் ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கிறது, நீங்கள் அதைப் பாதையாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வோஷிங்டன் மாநிலத்தில் பலூஸ் டு காஸ்கேட்ஸ் என்று ஒரு பாதை இருக்கிறது. மில்வாக்கி ரோட் என்ற ரயில் கம்பனி 1980 இல் அந்தப் பக்கத்துச் சேவையைக் கைவிட்டுவிட்டது. தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு மிஞ்சிய மேட்டை மாநில அரசு எடுத்து, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் குதிரைக்காரருக்கும் திறந்துவிட்டது. நீளம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மேற்குப் பக்கம் ஈரக்காடு, மலை, 3.6 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் என்று படத்துக்கு அழகாக இருக்கும். கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. மலைத்தொடர் மழையை மறித்துக்கொள்வதால் அங்கே பல இடங்களில் வருடத்துக்கு 250 மில்லிமீற்றர் அளவுதான் மழை. சியாட்டிலில் இருக்கும் மச்சான் ஒருவரோடு அந்தக் காய்ந்த பக்கத்தில்தான் நான் சைக்கிள் ஓடினேன்.

ரயிலுக்குப் போட்ட சல்லி பல இடங்களில் அப்படியே கிடக்கிறது, முன் சில்லு ஒரு பக்கம் போனால் பின் சில்லு இன்னொரு பக்கம் போகும். கொலம்பியா ஆற்றை நெருங்கினால் மணல், இறங்கித் தள்ள வேண்டியதுதான். நிழல் என்று ஒன்று இல்லை, இடுப்பளவு உயரத்தில் சாம்பல் பூத்த புதர்கள் மட்டும். அப்புறம் நெருஞ்சி. எங்கள் வயல் வரம்பில் காலில் ஏறுகிற அதே நெருஞ்சிதான், அங்கே அது வெளியிலிருந்து வந்து பரவிய களை, சைக்கிள்காரருக்கு முதல் எதிரி. மச்சான் ரியூப் இல்லாத ரயருக்குள் பால் போல ஒரு பசையை ஊற்றியிருந்தார், முள் ஏற ஏற அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டது. நான் ரியூப் போட்டவன், சொலூசன் முடியுமட்டும் குந்தியிருந்து ஒட்டினேன்.

இவ்வளவுக்கும் ஓட முடிந்தது, ஏனென்றால் ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. 100 மீற்றருக்கு 2 மீற்றர் ஏறினாலே ரயிலுக்கு அது பெரிய ஏற்றம், அதனால் கல்லை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மலையைக் குடைந்து, எப்படியோ சமமாகக் கொண்டுபோயிருப்பார்கள். அந்தச் சமம்தான் சாமான் கட்டிய சைக்கிளுக்கு வேண்டியது, தார் இல்லை.

சரி, எங்களிடம் கைவிட்ட ரயில் பாதை எங்கே? மலைநாட்டுப் பக்கம் உண்டு. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஓடிய சிறு ரயில் 1970களில் நின்றது, நானுஓயாவிலிருந்து இராகலைப் பக்கம் ஓடியது 1940களிலேயே நின்றுவிட்டது. மட்டக்களப்புக்கு 1928 இல் வந்த ரயில் இன்றைக்கும் ஓடுகிறது, தொடர்ந்து ஓடட்டும். அதைத் தாண்டிக் கல்முனை, பொத்துவில் என்று நீட்டுவது பற்றிய பேச்சு எங்கள் அப்பாமார் காலத்துப் பேச்சு, அதை இங்கே இழுக்கவில்லை.

எங்களிடம் இருப்பது வாய்க்கால். ரயிலுக்காவது கொஞ்சம் ஏற்றம் ஆகும், வாய்க்காலுக்கு அதுவும் ஆகாது. பெரிய வாய்க்கால் என்றால் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவுகூட வைக்கமாட்டார்கள், வைத்தால் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரித்துவிடும். அந்த வாய்க்காலைப் பார்த்துத் திருத்துவதற்காக அதன் கரைக் கட்டின் மேல் ஒரு கிரவல் பாதை வேறு போட்டிருக்கிறார்கள். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தொடங்கிச் சம்மாந்துறைப் பக்கம் வருகிற கல்லோயா இடதுகரை வாய்க்காலை ஒருமுறை வரைபடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்து வாய்க்கால்கள், நவகிரி, உறுகாமம், வாகனேரி, எல்லாவற்றுக்கும் கட்டு இருக்கிறது. பல இடங்களில் மருதமர நிழலும் இருக்கிறது, அந்த வோஷிங்டன்காரர் காசு கொடுத்தும் வாங்க முடியாதது அது. கட்டுக்குக் கட்டு இடையில் விடுபடுகிற துண்டுகளை ஊர்ப் பாதைகளால் முடிச்சுப் போட்டால் தூரப் பாதை ஒன்று பிறந்துவிடும்.

இப்போது கொங்கிரீட்டுக்கு வருகிறேன். எங்கள் நாட்டுக் கணக்கில் இது உலர் வலயம், ஆனால் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டி முடிகிறது. மிச்ச மாதங்களில் கச்சான் காற்று அடித்து நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். ஊறி, வெடித்து, மறுபடி ஊறுகிற மண் கட்டின் மேல் கொங்கிரீட்டை ஊற்றினால் அடியில் மண் இறங்கும், மேலே கல் தொங்கும், இரண்டாவது மாரியில் உடையும். உடைந்த கொங்கிரீட்டில் சைக்கிள் ஓடுவதைவிடக் கிரவலில் ஓடுவது ஆயிரம் மடங்கு மேல். கிரவல் என்றால் மழை விட்டதும் நாலு லோட் கொட்டி, நிரவி, உருளையால் அமத்திவிடலாம், ஊர்ப் பொடியன்களுக்கும் வேலை. இதை நீர்ப்பாசனப் பொறியியலாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, திட்டம் எழுதுகிற மேசைக்குத்தான் சொல்கிறேன்.

கல்லும் மணலும் முள்ளும் எங்களை மடக்கவில்லை, மடக்கியது தண்ணீர். கிற்றிற்றாஸ் என்ற சிறிய ஊரை விட்டால் கொலம்பியா ஆறு வரை 40 கிலோமீற்றருக்கு மேல், குடிக்க ஒரு குழாய் இல்லை. ஒவ்வொரு மிடறையும் கணக்குப் பார்த்துக் குடித்தோம், வழியில் கண்ட ஆட்களும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, சரிதான், ஆனால் வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் வந்து கலக்கிற தண்ணீரை யார் குடிப்பது? வாய்க்கால் வழியே இருக்கிற கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கமக்காரர் அமைப்பின் கட்டடம், இவற்றின் சுவருக்கு வெளியே ஒரு குழாயும் அதற்கு மேலே ஒரு பலகையும் போதும், அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீற்றரில் என்று மூன்று மொழியிலும் எழுதி. விளக்குக்கு ஒதுக்குகிற காசில் இருபது குழாய் போடலாம்.

அடுத்தது அனுமதி, இதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். அந்தப் பாதையின் வறண்ட பகுதியில் ஒரு பெரிய துண்டு இராணுவப் பயிற்சி நிலத்துக்குள்ளே போகிறது. பயிற்சி நிலம், நிசமாகவே சுடுகிற இடம். அதற்குள் போகிற சைக்கிள்காரர் என்ன செய்ய வேண்டும்? வாசலில் பலகைக் கூடு ஒன்று இருக்கும், அதில் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும், பாதையை விட்டு விலகக் கூடாது. அவ்வளவுதான். இங்கே ஒரு குளத்துக் கட்டில் காவல் இருந்த ஐயா என்னைத் திருப்பி அனுப்பினார், இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் அதே கட்டால் போய்க்கொண்டிருந்தன. அவரில் பிழை இல்லை. சைக்கிளில் ஒருத்தன் பை கட்டிக்கொண்டு, வயலும் இல்லாமல் மாடும் இல்லாமல் சும்மா போகிறேன் என்று சொன்னால் அவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? விடலாம் என்றும் விடக்கூடாது என்றும் அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, பெயரும் நேரமும் எழுத ஒரு கோடு, அதை வைக்க ஒரு பெட்டி. இதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை.

முன்பென்றால் பாதை விட்டு விலகக் கூடாது என்பதற்கு இங்கே வேறு காரணம் இருந்தது. 2017 இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றி முடிந்த மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் காட்டோரப் பாதை என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறுகிறது, அது மாறக் காலம் எடுக்கும், ஆட்கள் போய்வரப் போய்வரத்தான் மாறும்.

இப்போதைய காரணம் யானை. இதில் எனக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்தி சாய்ந்தால் யானை இறங்குகிற கட்டுகளில் சைக்கிளுக்கு வேலை இல்லை, காலையில் பனி விலகுமுன்னும் இல்லை. ஆகவே நேரம் போடுங்கள், யானை வேலிக்கு எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று பலகை போடுங்கள், எந்த மாதம் எந்தத் துண்டு மூடல் என்று வனசீவராசிகள் ஆட்களிடம் கேட்டுப் போடுங்கள். வாடியில் காவல் இருக்கிறவர்களைவிட இது தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அவர்களையும் கேளுங்கள். மாரியில் குளங்கள் நிரம்பி வான் பாயும்போது சப்பாத்துப் பாலங்களுக்கு மேலால் தண்ணீர் போகும், அந்த நாட்களில் முழுப் பாதையையும் மூடிவிடலாம், யாரும் கோபிக்கமாட்டோம். கொலம்பியா ஆற்றின் மேல் இருக்கிற பெவர்லி ரயில் பாலம் 2014 இல் தீப்பிடித்தது, சைக்கிள் போவதற்குத் திறந்தது 2022 இல்தான். அதுவரை பாதை நடுவில் அறுந்தே கிடந்தது, ஆனாலும் இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடினார்கள். அறுந்த இடத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஓடுகிறவன் தன் வழியைத் தானே பார்ப்பான்.

ரயில்காரர்களிடம் தனியாக ஒன்று. வாழைச்சேனையிலிருந்து புணானை, வெலிகந்தைப் பக்கம் ரயில் போகிற காட்டில் தண்டவாளத்தோடு சேர்த்துச் சைக்கிள் பாதை கேட்கவில்லை, ரயிலில் யானைகள் அடிபடுகிற நாட்டில் அதற்குள் எங்களையும் விட வேண்டாம். (புணானை என்றதும் 1924 இல் சுடப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போன ஆட்கொல்லிச் சிறுத்தை நினைவுக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டாம்.) எங்களுக்கு வேண்டியது பெட்டியில் இடம். மட்டக்களப்பு ஸ்டேஷனில் சைக்கிளைப் பொதியாக எழுதிக் கொடுத்துவிட்டு, அது நாங்கள் போகிற அதே வண்டியில் வருமா அடுத்ததில் வருமா என்று தெரியாமல் நிற்கிற நிலை மாறட்டும். கொழும்பிலிருந்து இரவு வண்டியில் வருகிற ஒருவர் விடியப்புறம் தன் சைக்கிளோடு இறங்கி வலையிறவுப் பாலத்தால் ஆயித்தியமலைப் பக்கம் போகக்கூடியதாக இருந்தால் போதும்.

வருமானம் என்ன என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். நியூசிலாந்தில் ஒட்டாகோ உட்பகுதியில் 1990 இல் மூடிய ரயிலின் மேட்டை 2000 இல் 152 கிலோமீற்றர் சைக்கிள் பாதையாகத் திறந்தார்கள், அதுவும் நாட்டின் வறண்ட மூலைதான். ரயில் போனதும் அடங்கிப்போன சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடையும் படுக்க அறையும் திரும்ப வந்தன. சைக்கிள்காரன் காரில் போகிறவனைப் போலப் பெரிய ஹோட்டலைத் தேடிக் கடற்கரைக்கு ஓடமாட்டான், பசித்த இடத்தில் நிற்பான், நிறையச் சாப்பிடுவான். கரடியனாற்றில் ஒரு பிளேன்ரீ, வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர், இருட்டினால் ஒரு வீட்டு விறாந்தை. இந்தக் காசு போகிற பைகள் வேறு, அதனால்தான் இதைப் பற்றிப் பெரிய கூட்டம் வைக்க யாரும் அவசரப்படுவதில்லையோ என்றும் சில நேரம் யோசிப்பேன்.

கடைசியாக, கட்டு ஒரு திணைக்களத்துக்கு, அதை ஒட்டிய காடு இன்னொன்றுக்கு, யானை மற்றொன்றுக்கு, குறுக்கே போகிற வீதி பிரதேச சபைக்கு. நாங்கள் சைக்கிள் ஓடுகிற சிலர் சேர்ந்து உன்னிச்சையைச் சுற்றி ஒரு பரீட்சார்த்தத் துண்டுக்கு வரைபடம் கீறி வைத்திருக்கிறோம், குழாய் வைக்கக்கூடிய இடங்களையும் அதில் குறித்திருக்கிறோம். அதை எந்த மேசையில் கொடுப்பது என்று உங்களில் ஒருவர் சொல்லுங்கள். நாலு மேசைக்கும் நாலு பிரதி வேண்டுமென்றால் அதையும் எடுத்துத் தருகிறோம், ஆனால் பதில் ஒன்றாக வரட்டும், அடுத்த மாரிக்கு முதல்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து சைக்கிள் ஓடும் ஒருவன்