ரியாத்தில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ‘நைட் டூட்டிம்மா, அப்புறம் பேசுகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். நானும் அரசு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்தவள்தான் மக்களே. எந்த நைட் டூட்டியும் இத்தனை வாரம் தொடர்ந்து வராது.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சை ஓ.இ.டி.யில் நீ பாஸானதை அப்பா மார்த்தாண்டம் சந்தை வரைக்கும் சொல்லியாயிற்று. பிரிட்டனுக்கு ரைட்டிங்கில் சி பிளஸ் போதுமாம், என் மகள் அதிலும் பி வாங்கியிருக்கிறாள் என்று நானும் சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னேன்.

நீ பிரிட்டன் போவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த ஏஜென்ட் எதற்கு நாலு லட்சம் கேட்கிறான்? அங்கே வேலைக்கு எடுக்க நர்ஸிடம் ஏஜென்சி காசு வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் விதி. நம் ஊர் சட்டப்படியும் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பல என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகள், அதாவது அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிகள், விசா, டிக்கெட், அங்கே போனபிறகு வரும் ஆஸ்கி என்ற செய்முறைப் பரீட்சைச் செலவு வரை தாங்களே ஏற்கின்றன. பாதியில் விட்டால் அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடு. சென்னையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நம் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-லிருந்து இருக்கிறது. முதலில் அங்கே கேட்கலாமே.

நர்ஸ்களைப் பதிவு செய்யும் சவுதி கமிஷனில், உன்மேல் புகார் எதுவும் இல்லை என்று தரும் குட் ஸ்டாண்டிங் சர்ட்டிபிகேட் கேட்டுவிட்டாயா? கிளம்பிய பிறகு வாங்குவது பெரும்பாடு. சென்னை நர்சிங் கவுன்சில் வெரிபிகேஷனுக்கு நான் போய் நிற்கிறேன்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே. ‘ஆபீஸில் பத்திரமாக இருக்கும்’ என்பார்கள். வேலைக்கு வந்தவரின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சவுதியிலும் சட்டம்தான்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாய். ஊருக்கு வந்து திரும்பிப் போக எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா அடித்தார்களா என்றால் லைன் கட்டாகிவிடுகிறது. வீட்டுக் கடனை அடைத்தது நீதான், இந்தக் கூரைக்குக் கீழே யாரும் அதை மறக்கவில்லை. அதற்காக அங்கேயே கிட என்று நாங்கள் சொன்னோமா? பெற்ற தாயிடம் மறைக்க உனக்கு எப்போது பழக்கம் வந்தது?

சரி, அதை விடு. பாஸ்போர்ட்டை மட்டும் விட்டுவிடாதே.

இன்றைக்கே ஒரு காரியம் செய். பாஸ்போர்ட்டை உன் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போனில் கிடக்கும் பழைய படம் வேண்டாம். எதற்கு என்று கேட்காதே. அனுப்ப முடியவில்லை என்றால் காரணம் எழுத வேண்டாம், ‘அம்மா’ என்று மட்டும் போடு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் புகார் கொடுக்க நம் அரசு வைத்திருக்கும் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் தூதரகத்துக்கு எப்படி எழுதுவது என்று அப்பா பார்த்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
அம்மா