வயிற்றுப்பக்கத்தையும் கேளுங்கள்: படம் பார்த்து இனப்பெயர் சொல்லும் செயலிகளைச் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓடையில் பிடித்த ஒரே கிரேஃபிஷைத் (நன்னீரில் வாழும், பெரிய கொடுக்குள்ள, இறால் மாதிரியான பிராணி) தண்ணீருக்குள் வைத்து ஒரு படம், கையில் எடுத்து ஈரத்தோடு ஒரு படம், ஓடு கொஞ்சம் காய்ந்ததும் ஒரு படம் என்று மூன்று எடுத்து, உங்களைப் போன்ற ஒருவர் செய்த செயலியில் போட்டேன். மூன்று படத்துக்கும் மூன்று பெயர் வந்தது, மூன்றும் துளித் தயக்கம் இல்லாமல். தப்பு யாருக்கும் வரும், சரி. ஆனால் ஒரு தடவையாவது "கவிழ்த்துக் காட்டு" என்று அது கேட்டிருக்கலாம்.

உலகத்தில் 650க்கு மேற்பட்ட கிரேஃபிஷ் இனங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவில், அதிலும் அமெரிக்காவின் தென்கிழக்கு ஓடைகளில்தான் பெருங்கூட்டம். இவ்வளவையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஓடு கழற்றிய புதிதில் ஒரு நிறம், பாசியும் சேறும் படிந்தபின் இன்னொரு நிறம், தின்னும் இரையைப் பொறுத்து வேறொரு நிறம். பழுப்பாகவே இருக்கும் இனங்களில்கூட எப்போதாவது ஒன்று பளிச்சென்று நீலமாகப் பிறந்துவிடுகிறது. கொடுக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, சண்டையில் முறிந்து மறுபடி வளர்ந்த கொடுக்கு சிறுத்து மெலிந்து வேறு இனத்தின் கொடுக்கைப் போலவே இருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதுகில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும், ஏரியோலா என்பார்கள், சில இனங்களில் அது அகலமாக இருக்கும், சிலவற்றில் இரண்டு கோடும் ஒட்டியே போயிருக்கும். கண்களுக்கு நடுவில் முன்னால் நீண்டிருக்கும் முனையின் ஓரத்தில் முள் உண்டா, நடுவில் வரம்பு உண்டா என்பது அடுத்தது. இவை மேலிருந்து நேராக எடுத்த படத்தில் தெரியும். ஆனால் நம் ஆட்கள் எடுப்பது கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற படத்தைத்தான் (நானும் அப்படித்தான் எடுப்பேன், பார்க்க நன்றாக இருக்கிறதே).

விஷயத்தின் மையம் வயிற்றடியில் இருக்கிறது. வட அமெரிக்கக் கிரேஃபிஷ்களில் பெரும்பாலானவை சேர்ந்த கேம்பரிடே குடும்பத்து ஆண்களுக்கு முதல் ஜோடி நீச்சல் கால்கள் விந்து கடத்தும் உறுப்பாக மாறியிருக்கும், அதன் நுனி எத்தனை கிளையாகப் பிரிகிறது, எப்படி வளைகிறது என்பதை வைத்துத்தான் நிறைய இனங்களையே பிரித்திருக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். ஒரே ஆண் இனப்பெருக்கக் காலத்தில் அந்த நுனி கெட்டியாகிக் கொம்பு போல ஆன நிலையில் இருக்கும், ஓடு கழற்றினால் மழுங்கிய மென்மையான நிலைக்குத் திரும்பிவிடும். முதல் நிலையில் உள்ள ஆண் கிடைத்தால்தான் நிபுணரே முகம் மலர்வார், பெண்ணையும் குட்டியையும் கொடுத்தால் பல சமயம் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) நிறுத்திக்கொள்வார். தென் அரைக்கோளத்துப் பாராஸ்டாசிடே குடும்பத்துக்கோ அந்த முதல் ஜோடிக் கால்களே கிடையாது, அங்கே வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். இவ்வளவு கற்ற ஆள் நிறுத்துகிற இடத்தில் உங்கள் செயலி நிற்காமல் ஓடுகிறது.

பளிங்குக் கிரேஃபிஷ் என்று ஒன்று இருக்கிறது, புரோகேம்பரஸ் வர்ஜினாலிஸ். 1990களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வியாபாரத்தில் தென்பட்டது, 2017இல்தான் தனி இனமாக முறைப்படி விவரிக்கப்பட்டது. எல்லாமே பெண், ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும், ஒன்று தப்பினாலும் ஒரு கூட்டம். ஆனால் ஆணே இல்லாத இனத்தில் ஆணின் உறுப்பை எங்கே போய்ப் பார்ப்பது? நெருங்கிய சொந்தமான புரோகேம்பரஸ் ஃபாலக்ஸின் பெண்ணோடு வைத்தால் படத்தில் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். இதற்கு மரபணுச் சோதனைதான் வழி என்று செயலி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இடத்தை வைத்து வடிகட்டலாம் என்பீர்கள். நல்ல யோசனைதான், ஒரே ஒரு குகையில் மட்டும் வாழும் இனம்கூட உண்டு. ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பினால், புதிதாக வந்து இறங்கிய அந்நியனுக்கு உள்ளூர்க்காரன் பெயரைச் சூட்டிவிடுவீர்கள், அதைத்தானே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது?

இது வெறும் பெயர்ச் சண்டையும் இல்லை. ஐரோப்பாவில் வெண்கொடுக்குக் கிரேஃபிஷ் அருகிவரும் இனம், வட அமெரிக்காவிலிருந்து போன சிக்னல் கிரேஃபிஷ் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் 2016 முதல் இருக்கிறது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், மற்றதை ஒழிக்க வேண்டும். சிக்னலின் கொடுக்கு மூட்டில் வெளுத்த நீலத்திட்டு இருக்கும், ஓடு வழவழப்பாக இருக்கும், வெண்கொடுக்கின் தலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை ஒட்டிச் சின்ன முட்கள் இருக்கும். அந்த முள் பக்கவாட்டுப் படத்தில் தெரியும், மேலிருந்து எடுத்த மங்கல் படத்தில் தெரியாது. தப்பான பெயரை நம்பி ஒருவர் காலால் மிதித்துவிட்டால் நீங்கள் திருத்தம் அனுப்பி என்ன பயன்? போதாதென்று வட அமெரிக்க இனங்கள் அபனோமைசஸ் அஸ்டாசி என்ற, பூஞ்சை போன்ற கிருமி உண்டாக்கும் கிரேஃபிஷ் கொள்ளைநோயைச் சுமந்து வரும், பெரும்பாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, ஐரோப்பிய இனங்கள் கூட்டமாகச் செத்துப்போகும். அந்தக் கிருமி ஈரமான பூட்ஸிலேயே அடுத்த ஓடைக்குப் போய்ச் சேரும், ஆகவே படம் எடுக்க வருகிறவர்களிடம் பூட்ஸைக் காயவைக்கவும் சொல்லுங்கள்.

அப்புறம், குகையில் வாழாத ஆர்கோனெக்டஸ் இனங்களை 2017இலேயே ஃபேக்ஸோனியஸ் என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், அவற்றை இன்னும் ஆர்கோனெக்டஸ் என்று காட்டும் செயலிகளைப் பார்க்கிறேன். அது சின்னக் குறை, விடுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. கிரேஃபிஷ் என்று தெரிந்த உடனே பெயரைக் கொட்டாமல், மேலிருந்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கொடுக்கு நெருக்கத்தில் ஒன்று, கவிழ்த்து வயிற்றடியில் கடைசி நடைக்கால்களுக்கு நடுவே ஒன்று என்று நாலு படம் கேளுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைக்கச் சொல்லுங்கள். பிடிக்கத் தெரியாதவருக்குக் கொடுக்குக்குப் பின்னால் ஓட்டின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கும் விதத்தை ஒரு படமாகக் காட்டுங்கள், கடி வாங்காமல் இருப்பார். படம் போதவில்லை என்றால் "கேம்பரஸ் பேரினம், அதற்கு மேல் இந்தப் படத்தில் தெரியாது" என்று எழுதும் தைரியம் இருக்கட்டும். யாரோ ஊகித்த பெயரையே பாடமாக ஊட்டி அடுத்த பதிப்பைப் பழக்காதீர்கள், உறுப்பைப் பார்த்து உறுதிசெய்த மாதிரிகளின் படங்களைத் தனியாக வையுங்கள்.

அந்த நாலாவது படத்தைக் கேட்கும் பதிப்பு வந்ததும் சொல்லி அனுப்புங்கள். அதே ஓடைக்குப் போய், முதல் ஆளாக ஈரக்கையோடு சோதித்துப் பார்க்கிறேன்.