கடைசி பஸ்ஸுக்கு முன் கூத்து முடியட்டும்

மட்டக்களப்பு நகரில் கூத்தும் இசைநாடகமும் மேடையேற்றும் குழுக்களுக்கும், அந்த நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்கிற மன்றங்களுக்கும் கலாசார உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பெண். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் இறங்கி, வயலுக்குள்ளால் இன்னும் ஆறு கிலோமீற்றர் போனால் எங்கள் ஊர். போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்த வடமோடிப் பாணிக் கூத்தைப் பார்க்க வந்தோம். பாதிதான் பார்த்தோம். மீதியை விட்டுவிட்டு எழும்பி ஓடினோம். அதற்காகத்தான் இந்த மடல். எந்த மண்டபம், எந்தக் குழு என்று எழுத மாட்டேன். நகரில் இதுவரை நாங்கள் பார்க்க வந்த நிகழ்ச்சிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கின. ஒருவரைப் பிடித்துக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

முதலில், நாங்கள் ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். அது அபிமன்யு கதை. பாரதப் போரின் 13ஆம் நாள். என் கணவர் 1983இல், 17 வயதில், எங்கள் ஊர்க் களரியில், அதாவது கூத்தாடுகிற வட்ட வெளியில், இதே கதைக்குச் சுபத்திரையாக ஆடியவர். அந்தக் காலம் பெண் வேடத்தையும் ஆண்கள்தானே ஆடுவார்கள். மெலிந்த உடம்பு, நல்ல குரல், அதனால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதாவது யாருக்கு எந்த வேடம் என்று பிரிக்கும்போது, அந்தப் பாத்திரத்தை இவருக்குக் கொடுத்தாராம். மாமியின் கூறைச்சேலையை உடுத்துத்தான் அரங்கேற்றத்துக்கு ஆடினார். மகன் செத்த செய்தி கேட்டுச் சுபத்திரை புலம்பும் கட்டத்தில் களரியைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுததை மாமி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த யுத்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். இரவில் விளக்குக் கொளுத்தவே பயந்த ஊரில் விடிய விடியக் கூத்து எங்கே ஆடுவது? இவர் மறுபடி சதங்கை கட்டவில்லை.

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள், பெண்பிள்ளைகளும் கூத்தாடுகிறார்கள். அழைப்பிதழைக் கொண்டுவந்து தந்த தம்பி, இந்தமுறை சுபத்திரைக்கு ஒரு பெண்பிள்ளைதான் ஆடுகிறா என்று சொன்னதும் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு பொம்புளப்புள்ள அந்தப் புலம்பல எப்படிப் படிக்குதெண்டு பாக்கவேணும்" என்று ஒரு கிழமையாக அதே கதை.

அன்று விடியற்காலையில் மாட்டைக் கட்டி, கோழிக்குத் தீன் போட்டு, பக்கத்து வீட்டு மச்சாளிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். மோட்டார் சைக்கிளைச் சந்திக் கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். மண்முனைப் பாலத்தில் போகும்போதெல்லாம் இவர் பழைய பாதையைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். வெளியூர்க்காரருக்கு விளங்காது, பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற பெரிய படகை. பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முந்தி மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்து நின்றே பாதி நாள் போய்விடும். ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் தாண்டி நகரத்தில் இறங்கினோம். மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாற்றினோம், சாப்பிட்டோம், காந்தி பூங்காவில் வாவிக்காற்றுக்குக் கொஞ்சம் இருந்தோம். கல்யாணம் முடித்த புதிதில்கூட நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒரு நாளை எங்களுக்கென்று எடுத்ததில்லை.

அழைப்பிதழில் பிற்பகல் 3.00 மணி என்று இருந்தது. இரண்டரைக்கே போய்விட்டோம். முன்னுக்கு மூன்று வரிசைக் கதிரைகளுக்கு றிபன் கட்டி அதிதிகளுக்கென்று வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. அது பரவாயில்லை. மூன்று மணியாகி, மூன்றரையாகி, நாலு மணிக்குப் பிறகு பிரதம அதிதி வந்தார். மாலை, மங்கல விளக்கு, வரவேற்பு நடனம். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்பதிதி உரை, பிரதம அதிதி உரை. பிறகு பொன்னாடைகள். பொன்னாடை போர்க்கப்பட்டவர்களில் முதிய அண்ணாவியார் ஒருவரும் இருந்தார். அதற்கு நாங்களும் எழும்பி நின்று கைதட்டினோம். இப்படிப்பட்டவரை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்பது பெரிய காரியம், அது வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் மத்தளம் முழங்கியபோது ஐந்து மணி இருபது நிமிடம். எங்கள் கடைசி பஸ் ஆறேகாலுக்கு.

அந்த முதல் அடியைக் கேட்டதும் இவருடைய உடம்பு நிமிர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சல்லரித் தாளம் சேர்ந்தது, பிற்பாட்டுக்காரர் எடுத்தார்கள், ஒவ்வொரு பாத்திரமாக வரவு ஆடி வந்தது. இவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போட்டபடியே இருந்தன. அபிமன்யுவாக வந்த பொடியனின் கால்வேகத்தைப் பார்த்து, "நல்லாப் பழக்கியிருக்காங்க" என்றார். இவர் வாயால் அப்படி ஒரு பாராட்டு வருவது லேசில்லை. பிறகு சுபத்திரை வந்தா. சின்னப்பிள்ளை, இருபது வயதுகூட இருக்காது. கனத்த குரல். மகனைப் போருக்கு அனுப்ப மனமில்லாமல் தாய் தடுக்கிற பாட்டை அந்தப் பிள்ளை எடுத்தபோது இவர் முன்னுக்குச் சரிந்து, கதிரையின் விளிம்பில் இருந்து கேட்டார்.

அந்த நேரத்தில்தான் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு மணி.

"எழும்புங்க, பஸ் போயிரும்" என்றேன். கேட்காதமாதிரி இருந்தார். இரண்டாம்முறை சொன்னபோது எழும்பினார். வாசல்வரை வந்து, அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எங்களோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அப்படியே எழும்பி வந்தார்கள். பஸ் நிலையத்தில் பார்த்தால் எல்லாம் படுவான்கரை முகங்கள். உயர்தரத்துக்கு இந்தப் பாடம் எடுத்திருக்கிற ஒரு பிள்ளையும் தகப்பனோடு நின்றது. பரீட்சையில் கூத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய பிள்ளை அது. ஒரு கூத்தை முழுதாகப் பார்க்கக் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் இவர் ஒன்றும் பேசவில்லை. கல்லடிப் பாலம் தாண்டிய பிறகு, "மறுகா ஒரு நாளைக்குப் பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் பிந்தி வந்தால் என்ன, முச்சக்கர வண்டி பிடித்துப் போனால் என்ன என்று நகரத்தில் இருப்பவர் கேட்கலாம். கொக்கட்டிச்சோலைக்கு ஓட்டோவில் போக வேண்டிய காசு எங்களுக்கு இரண்டு நாள் கூலி. அதைக்கூடக் கொடுத்துவிடலாம். சந்தியிலிருந்து வீடுவரை இருக்கிற அந்த ஆறு கிலோமீற்றர்தான் வில்லங்கம். கதிர் முற்றும் காலத்தில் எட்டு மணிக்குப் பிறகு அந்த ரோட்டில் யானை நிற்கும். எங்கள் பக்கத்தில் யானை அடித்துச் செத்தவர்களை நாங்கள் பத்திரிகையில் படித்து அறியவில்லை, பாடையில் தூக்கியிருக்கிறோம். வெல்லாவெளி, போரதீவுப் பக்கத்தாருக்கும் வவுணதீவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் இதே கதைதான். மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளித்துறையில் பாதை நிற்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும். ஆறரை மணிக்குமேல் நகரில் நடக்கிற எதுவும் எங்களுக்கு இல்லை.

பழைய கூத்துக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை. மாரிப்போகம் வெட்டி, நெல் வீட்டுக்கு வந்த பிறகு, கோயில் வெளியில் வட்டக்களரி போட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து தொடங்கினால் விடியும்வரை போகும். பாய் விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, நல்ல கட்டம் வரும்போது தட்டி எழுப்புவோம். ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் யாருக்கும் நட்டமில்லை. வீடு நூறு யார் தூரத்தில் இருந்தது.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் அந்த விடிய விடியக் கூத்தைச் சுருக்கி, நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார். எங்கள் மண்ணின் அண்ணாவிமார் போய்ப் பழக்கினார்கள், பின்னாளில் பேராசிரியரான எங்கள் மண்ணின் மௌனகுரு அன்றைய மாணவராக அதில் ஆடினார். கூத்து படிப்பில்லாதவர்களின் ஆட்டம் என்று தள்ளிவைத்தவர்கள் எல்லாம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சுருக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது நடந்திராவிட்டால் இன்று இந்தப் பிள்ளைகள் கூத்துப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஓர் இரவை ஒன்றரை மணித்தியாலமாக்கிய பிறகு அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் ஒவ்வொரு நிமிடமும் கூத்துக்குச் சொந்தம். அதில் கை வைக்கக் கூடாது. அன்று நாங்கள் எழும்பி வரும்போது, மேடைப்பக்கக் கதவடியில் ஏற்பாட்டாளர் ஒருவர் குழுவைச் சேர்ந்தவரிடம், நேரமாகுது, கொஞ்சம் பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிக்கொண்டு நின்றது என் காதில் விழுந்தது. எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. மாதக்கணக்காகச் சதங்கை கட்டிப் பழகிய பாட்டைக் குறைக்கலாம், ஐந்து உரைகளில் ஒன்றைக் குறைக்க முடியாதா?

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவுமில்லை. அழைப்பிதழில் விழா எத்தனை மணிக்கு, கூத்து எத்தனை மணிக்கு என்று இரண்டையும் தனித்தனியாக அச்சடியுங்கள். கூத்துக்குப் போட்ட நேரத்தை யார் வந்தாலும் வராவிட்டாலும் மாற்றாதீர்கள். அதிதி பிந்தினால் அவர் வந்து நடுவில் அமரட்டும், எங்களுக்கும் அப்படித்தானே. முடியுமானால் கூத்தை முதலில் ஆடவிட்டு, உரைகளையும் பொன்னாடையையும் பிறகு வையுங்கள். ஆடி முடித்து வேர்வையோடு நிற்கிற அண்ணாவியாருக்குப் போர்க்கிற பொன்னாடைக்கு இன்னும் மதிப்பு.

சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் காலை பத்து மணிக்கு ஏன் ஆடக் கூடாது? வெளிச்சம், உடுப்பு, இருட்டு மண்டபம் எல்லாம் காலையிலும் ஒன்றுதான். படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பார்த்து, பின்னேரம் மாடு வீட்டுக்கு வர முந்தி நாங்கள் போய்விடலாம். திருக்கோவில், தம்பிலுவில் என்று அம்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அது உதவும். காலையில் முடியாதென்றால், நிகழ்ச்சி முடிகிற நேரத்துக்கு கொக்கட்டிச்சோலைக்கு ஒரு பஸ்ஸை விடும்படி டிப்போவில் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் தனியே போய்க் கேட்டால் யார் கேட்பார்கள்? கலாசார உத்தியோகத்தரின் கையெழுத்தோடு போனால் கேட்பார்கள்.

இன்னொன்று என் மனதில் கிடக்கிறது. நகரத்தில் அரங்கேற்றிய கூத்தை மாசி, பங்குனியில், வெட்டு முடிந்த பிறகு, ஒருமுறை எங்கள் பக்கக் கோயில் வெளி ஒன்றில் ஆடுங்கள். களரி போடக் கம்பும் கிடுகும் ஊரார் தருவார்கள், பிள்ளைகளுக்குச் சோறும் தயிரும் நாங்கள் போடுவோம். மேடையில் ஒருபக்கம் பார்த்து ஆடிப் பழகிய பிள்ளைகள் நாலு பக்கமும் சனம் இருக்க ஆடிப் பார்க்கட்டும். மண்டபத்தில் பார்க்கிறவர் கைதட்டுவார். களரியில் பார்க்கிறவர் பாட்டைச் சேர்ந்து படிப்பார். எங்கள் ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேருக்கு அந்தப் பாட்டுகள் முழுதாகப் பாடம். எல்லாருக்கும் வயது போகிறது. அவர்கள் வாயில் இருக்கிறதை அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் எனக்கு ஓர் ஆசை.

இவர் இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். "அவங்களும் எவ்வளவு கஸ்ரப்பட்டுத்தான் செய்றாங்க, பாவம் புள்ள" என்றார். நீங்கள் படுகிற கஸ்ரம் எனக்கும் தெரியும். உடுப்புக்குக் காசு சேர்ப்பது, பிள்ளைகளைப் பழக்கத்துக்குக் கூட்டிவருவது, மண்டபத்துக்கு வாடகை கட்டுவது எல்லாம் உங்கள் தலையில்தான். அவ்வளவையும் செய்து ஆடுகிற கூத்தை, அதற்காக இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த மனிதர் கடைசிவரை இருந்து பார்க்க வேண்டாமா?

அந்தப் பிள்ளை மறுபடியும் சுபத்திரையாக ஆடுகிற நாளும் நேரமும் தெரிந்தால் எங்கள் பக்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். புலம்பல் கட்டம் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவி. நாங்கள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு கூத்துப் பார்வையாளர்