நாக்கை இப்போதைக்கு வளைக்காதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பழைய ஹோண்டா சிபி 750 பைக்குக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது என்று படித்ததில் சந்தோஷம். நான்கு கார்புரேட்டருக்கும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) புது கிட் (மாற்று நீடில், சீட், கேஸ்கெட், ஓ-ரிங் அடங்கிய பொட்டலம்) போட்டாய், மூன்றில் ஒழுகல் இல்லை, இரண்டாவது மட்டும் ஓவர்ஃப்ளோ ஹோஸ் (மிஞ்சும் பெட்ரோலை வெளியே விடும் குழாய்) வழியாகச் சொட்டுகிறது, ஃப்ளோட்டின் நாக்கை இன்னும் கொஞ்சம் வளைத்து மட்டத்தை இறக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். நாக்கில் கை வைப்பது கடைசி வேலை. பவுல் என்கிற அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற, மிதவையான ஃப்ளோட் எழும்பி, நாக்கு என்கிற தன் சின்னத் தகட்டால் நீடில் என்கிற கூம்பு ஊசியைத் தள்ளி, சீட் என்கிற துளையில் அழுத்தி, பெட்ரோல் வரும் வழியை மூடுகிறது. நீடில் சரியாக மூடாத கார்புரேட்டரில் மட்டத்தை எவ்வளவு இறக்கினாலும், ஒழுகல் ஆரம்பிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்தால் பவுல் நிரம்பியே தீரும். போதாக்குறைக்கு, அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் குறைந்து, பிளக் வெளுத்துப்போய், நீ ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளைத்திருகு) சந்தேகப்பட ஆரம்பிப்பாய்.

முதலில் பெட்ரோல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை உறுதி செய்துகொள். அது கார்புரேட்டர் உடம்பு வழியாக ஓடி, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்துக்கு வந்துதான் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவாய். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, டேப்பைத் திற. முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவி தூரத்தில் இருக்கும் பொறியைக்கூடத் தேடிப் போகும். ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்.

உண்மையிலேயே ஓவர்ஃப்ளோ வழியாகத்தான் வருகிறது என்றால், ஒரு அடி நீளத்துக்கு உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் குழாய் ஒன்று எடு. பெட்ரோலை வடிக்கும் பழைய ட்ரெயின் ஸ்குரூ ஒன்றைத் துளைத்து, குழாய் மாட்டும் முனையான நிப்பிளைப் பற்றவைத்து, பவுலின் அடியில் மாட்டி, குழாயை மேல்நோக்கி வளைத்து பவுலை ஒட்டிப் பிடி. வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும். குழாயில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ, பவுலுக்குள்ளும் அதே உயரம்தான். நான்கு கார்புரேட்டரிலும் பார்த்து எழுதி வை. இரண்டாவதில் மட்டும் மட்டம் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி நீடில், சீட், ஃப்ளோட் இந்த மூன்றில் ஒன்று. மட்டம் மற்ற மூன்றைப் போலவே இருந்தும், அல்லது சற்றுத் தாழ்வாக இருந்தும் சொட்டினால், பவுலுக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயே வெடித்திருக்கிறது. பலர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. குழாய் வெடித்த பவுலுக்கு நீடிலை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் நாக்கை வளைத்து வண்டியைக் கெடுக்கிறார்கள்.

அந்தக் குழாய் பவுலின் அடியில் அழுத்திப் பொருத்திய மெல்லிய பித்தளை. வருடக்கணக்கான அதிர்வில், அல்லது தண்ணீர் தேங்கி உறைந்ததில், நீளவாக்கில் மயிரிழைபோல் வெடிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பவுலைத் தனியாகக் கழற்றி, குழாயின் மேல்வாயை விரலால் அடைத்து, கீழ்வாயில் ஹோஸ் மாட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாக ஊது. குமிழி எழும் இடம்தான் வெடிப்பு. குழாயின் அடிப்பாகம் பவுலோடு சேரும் வளையத்தையும் பார், சில சமயம் குழாய் நன்றாக இருக்கும், பிடிப்பு தளர்ந்திருக்கும். மெல்லிய எமரித்தாளால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, பற்றுக்கோலால் ஈயம் பூசினால் போதும். தீச்சுடர் மட்டும் காட்டாதே, துத்தநாகக் கலவையில் வார்த்த பவுல் சீக்கிரம் இளகிவிடும். வெடிப்பு நீளமாக இருந்தால், மேலே சரியாகப் போகும் அளவில் இன்னொரு பித்தளைக் குழாயைச் செருகி, பெட்ரோலைத் தாங்கும் எபாக்ஸியால் ஒட்டு. உயரம் பழைய குழாயின் உயரமே இருக்கட்டும்.

மட்டம் ஏறுகிறது என்றால், முதலில் திருப்புளியின் கைப்பிடியால் பவுலை இரண்டு தட்டு தட்டு. சொட்டு நின்றுவிட்டால் நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவே தூசி உட்கார்ந்திருக்கிறது. அது டேங்கிலிருந்து வந்த துரு. டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் புதுப்பித்தால் இது திரும்பத் திரும்ப வரும். டேப்பில் இருக்கும் வலை பொடித்துருவைத் தடுக்காது, ஹோஸில் ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்.

தட்டியும் நிற்கவில்லையா? கழற்றிக் கவிழ்த்து வை. ஃப்ளோட் தன் எடையிலேயே நீடிலை மூடட்டும். பெட்ரோல் நுழையும் நிப்பிளில் சுத்தமான ஹோஸ் மாட்டி, சீட்டைச் சுற்றி நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மெதுவாக ஊது. மூச்சை முட்டி ஊத வேண்டாம். டேங்கில் பெட்ரோல் 30 செ.மீ. உயரத்தில் நின்றாலும் அதன் அழுத்தம் 0.02 பார்தான். குமிழி நீடில் ஓரத்தில் வருகிறதா, சீட்டின் வெளிவிளிம்பில் வருகிறதா என்று பார். வெளிவிளிம்பு என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப்போயிருக்கிறது, அல்லது வாஷர் உட்காரவில்லை. நீடில் கச்சிதமாக மூடினாலும் பெட்ரோல் பக்கத்து வழியாக உள்ளே போய்விடும். கிட்டில் வந்த ஓ-ரிங் ஒரு மயிரிழை மெலிந்திருந்தாலும் இதே கதைதான். விட்டான் ரப்பரில் சரியான அளவு வாங்கிப் போடு. எத்தனால் கலந்த பெட்ரோலையும் அது தாங்கும்.

குமிழி நீடில் ஓரத்தில் வந்தால், லென்ஸ் வைத்துக் கூம்பைப் பார். சுற்றிலும் வளையம்போல் பள்ளம் தெரிந்தால் நீடில் போச்சு. வால் பக்கமுள்ள ஸ்பிரிங் குச்சியை அழுத்திப் பார், சட்டென்று மேலே வர வேண்டும். அது செத்திருந்தால் வண்டி நிற்கும்போது ஒழுகாது, ஓடும்போது அதிர்வில் ஒழுகும். சீட் மங்கலாக இருந்தால், பஞ்சு சுற்றிய குச்சியில் உலோகப் பாலீஷ் தொட்டு, கை டிரில்லில் மெதுவாக அரை நிமிடம் சுற்று, பிறகு நன்றாக அலசு. வால்வு தேய்க்கும் பேஸ்ட் வேண்டாம். அதன் மணல் பித்தளையில் பதிந்துகொண்டு புது நீடிலையும் தின்னும்.

கிட்டைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரிந்ததுதான்: கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் எடுத்துக்கொள், பித்தளைச் சாமான்களைச் சந்தேகத்தோடு பார். கம்பெனி சீட் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போடாதே. ஆனால் ஒரு கம்பெனியின் நீடிலை இன்னொரு கம்பெனியின் சீட்டில் போடாதே, கோணம் ஒத்துவராது. புது நீடில் பழையதைவிட அரை மில்லிமீட்டர் நீளம் என்றால், ஃப்ளோட் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வெர்னியர் அளவுகோலில் அளந்துவிடு.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார். பித்தளையாக இருந்து உள்ளே சலசலத்தால் ஓட்டை. சூடான தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும். உள்ளே போன பெட்ரோல் முழுவதும் ஆவியாகிப் போகும்வரை பற்றுக்கோலைக் கிட்டே கொண்டுபோகாதே. ஈயத்தைத் தாராளமாக வைத்தால் ஃப்ளோட் கனத்து மட்டம் ஏறும், பக்கத்து ஃப்ளோட்டோடு எடை போட்டுப் பார். கழற்றும்போது ஃப்ளோட்டின் அச்சான பின்னை ஓங்கித் தட்டினால் அதைத் தாங்கும் கால் முறியும், முறிந்தால் அந்த உடம்பே வீண். காலுக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்து, பின்னின் தலை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கமாக வெளியே வரும்படி தட்டு.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஃப்ளோட் உயரத்துக்கு வா. சிபி 750-இன் ஆரம்பகால கே மாடல்களுக்கு 26 மி.மீ. கேஸ்கெட் இல்லாமல், உடம்பின் விளிம்பிலிருந்து ஃப்ளோட்டின் தூர முனை வரை. உடம்பைச் சாய்த்துப் பிடி, நாக்கு ஸ்பிரிங் குச்சியைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. நேரே கவிழ்த்து வைத்தால் ஃப்ளோட்டின் எடையே குச்சியை அமுக்கி அளவைக் கெடுக்கும். எண் கூடினால் பெட்ரோல் மட்டம் குறையும் என்பதை நினைவில் வை, இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். இரட்டை ஃப்ளோட் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், பவுல் சுவரிலோ கேஸ்கெட்டின் உள்விளிம்பிலோ உரசக் கூடாது.

பவுல் விளிம்பில் சிலிக்கோன் பசை தடவும் யோசனை இருந்தால் மறந்துவிடு. பெட்ரோலில் ஊறிக் கரைந்து ஜெட்டில் போய் உட்காரும். ஊறிப் பெரிதாகி, பள்ளத்தில் அடங்காமல் துருத்துகிற ரப்பர் கேஸ்கெட்டை ஒருநாள் காற்றாட வைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும்.

வண்டியைக் கிளப்புமுன் ஆயிலை முகர்ந்து பார். ஓவர்ஃப்ளோ எப்போதாவது அடைத்திருந்தால், அந்த நாட்களில் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கலாம். வாசனை அடித்தால் மாற்றிவிடு, நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது. சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் அழுத்தியதும் கனெக்டிங் ராடு வளையலாம். இக்னிஷனை அணைத்து, நாலு பிளக்கையும் கழற்றி, கிக்கரைக் கையால் அமுக்கிச் சுற்றிப் பார்.

உன் மற்ற வண்டியில் இருக்கும் அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர் வேறு ஜாதி. அதில் சீட் பவுலின் அடியிலேயே இருக்கிறது, பெட்ரோல் கீழிருந்து வருகிறது. ஃப்ளோட் பின்னை மேலே அமுக்கிப் பிடிப்பது கேஸ்கெட் மட்டும்தான், அது கிழிந்திருந்தால் பின் எழும்பி மட்டம் அலையும். டிக்லர் (ஃப்ளோட்டை அமுக்கும் பொத்தான்) வழியாக வழிகிறது என்கிறாயே, டிக்லரைக் குறை சொல்லுமுன் மட்டத்தைப் பார். பவுல் நிரம்பினால் பெட்ரோல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியே வரும். மட்டம் பவுல் விளிம்புக்கு ஏறக்குறைய 5 மி.மீ. கீழே நிற்க வேண்டும். இதில் வளைக்க நாக்கே கிடையாது. பவுலைச் சூடுபடுத்தி, சீட்டையே மேலோ கீழோ நகர்த்த வேண்டும். பழைய நைலான் நீடில் இன்னும் உள்ளே இருந்தால் முதலில் அதை மாற்று, முனையில் விட்டான் வைத்த நீடில் கிடைக்கிறது. பெட்ரோல் குழாயைப் பவுலோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டுக்குப் புது ஃபைபர் வாஷர் போடு, பிறகு போல்ட்டை அளவாக முறுக்கு.

நான்கு பவுல்களின் குழாய் மட்டத்தையும் அளந்து, அடுத்த கடிதத்தில் எண்களை மட்டும் எழுதி அனுப்பு. மற்றதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
கோபால்