“நம்ம ஆளுங்களுக்கு யோசனை வராது” என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்கு இன்னும் நெருடிக்கொண்டே இருக்கிறது. புது ப்ளாண்ட்டில் பொறுப்பேற்றதும் கைசன் (வேலையைச் சிறுகச் சிறுக மேம்படுத்தும் ஜப்பானிய முறை) போர்டு மாட்டினாய், யோசனைப் பெட்டி வைத்தாய், மாதத்தின் சிறந்த யோசனைக்குப் பிரஷர் குக்கர் பரிசு என்று அறிவித்தாய், ஒன்றும் அசையவில்லை, வந்த சீட்டுகளில் பாதி கேன்டீன் சாம்பாரைப் பற்றியும் கம்பெனி பஸ்ஸைப் பற்றியும்தான் என்று அலுத்துக்கொண்டாய். அதுவரை சரி. அப்புறம் “அக்கா, நம்ம ஆளுங்களுக்கு யோசனையே வராது, சொன்னதைச் செய்வாங்க, அவ்வளவுதான்” என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே நினைப்பவர்கள் ஒரகடத்திலும் ஓசூரிலும் நிறைய பேர் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரோ கம்பெனி பெயரோ இதில் வராது.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கம்பெனியின் மிக மோசமான ப்ளாண்ட்களில் ஒன்று என்று பெயர் எடுத்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் அங்கே சாதாரணம், வேலை நேரத்தில் குடி, ஓயாத சண்டை, ஓடுகிற காரின் கதவுக்குள் கடகடவென்று சத்தம் வரட்டும் என்று வேண்டுமென்றே காலி பாட்டிலைப் போட்டு மூடியவர்கள் உண்டு என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1982-ல் அதை இழுத்து மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தன, பெயர் நம்மி (NUMMI). நிர்வாகம் டொயோட்டாவின் கையில். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் பழைய சங்கமேதான். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். ஓரிரு வருடத்துக்குள் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானிய ப்ளாண்ட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. யோசனைத் திட்டத்தில் 1986-ல் கலந்துகொண்டவர்கள் 26 சதவீதம், 1991-ல் 92 சதவீதம். பாட்டில் போட்டு மூடியவர்கள் இருந்த அதே கூட்டம்தான் தம்பி, ஆள் மாறவில்லை.

என்ன மாறியது என்று கேட்டால் எல்லோரும் முதலில் கயிற்றைச் சொல்வார்கள். லைனில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம், பாட்டு ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார், குறித்த இடத்துக்குள் தீரவில்லை என்றால் லைன் நிற்கும். முன்னால் அங்கே லைன் நிற்கவே கூடாது, பழுதாக வந்த காரும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கடைசியில் யாராவது சரிசெய்துகொள்வார்கள். கயிறு நல்ல விஷயம்தான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய வான் நைஸ் தொழிற்சாலையிலும் இந்த மாதிரி முறைகளைக் கொண்டுவந்து பார்த்தது, பலிக்கவில்லை. உன் கைசன் போர்டும் அந்த மாதிரி வெறுமனே மாட்டிய கயிறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஸ்டாப்வாட்ச். நம் ஊரில் இன்றைக்கும் ஐஇ டிபார்ட்மென்ட் (வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் பிரிவு) ஆள் பேடும் கையுமாக ஆபரேட்டரின் பின்னால் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். கை தானாக மெதுவாகிவிடும். இவன் நேரம் குறைத்தால் நாளைக்கு டார்கெட் ஏறும் என்று நேற்று சேர்ந்த அப்ரெண்டிஸுக்குக்கூடத் தெரியும், அதனால் தான் கண்டுபிடித்த சுலபமான வழியை அவன் முன்னால் செய்து காட்ட மாட்டார்கள், அவன் போன பிறகு செய்வார்கள். நம்மியில் ஸ்டாப்வாட்ச்சைத் தொழிலாளர்களின் கையில் கொடுத்தார்கள். சில பேர் கொண்ட சின்னக் குழு, அவர்களே ஒருவரை ஒருவர் நேரம் பார்த்து, எந்த அசைவு வீண், எதில் முதுகு வலிக்கிறது என்று பேசி, வேலையின் வரிசையைத் தாங்களே எழுதி வைத்தார்கள், அடுத்த ஷிப்ட்டோடும் ஒத்துப் பார்த்தார்கள். விதிமுறை யோசனையைக் கொல்லும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தானே எழுதிய விதியை மனுஷன் திரும்பத் திரும்ப எடுத்துத் திருத்துவான், மேலேயிருந்து வந்த விதியிலிருந்து தப்பிக்கத்தான் பார்ப்பான். இரண்டுக்கும் மூளை ஒன்றுதான், அது எந்தப் பக்கம் வேலை செய்ய வேண்டும் என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது.

அடுத்தது வேலைப் பாதுகாப்பு. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது, ஏனென்றால் டொயோட்டாவைப் படித்துவிட்டு வருகிற நம் கம்பெனிகள் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு இதை மட்டும் விட்டுவிடுகின்றன. நம்மியின் சங்க ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது: கம்பெனி பிழைக்குமா என்ற அளவுக்கு நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது, அப்படி வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது போன்ற வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். 1988 வாக்கில் கார் விற்காமல் ப்ளாண்ட் தன் திறனில் 60 சதவீதத்துக்கும் கீழே ஓடியது. ஒருவரையும் அனுப்பவில்லை, பயிற்சியிலும் கைசன் வேலையிலும் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் உண்மையிலேயே நம்பினார்கள். மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தால் மூன்றாவது ஆள் வீட்டுக்குப் போக மாட்டான் என்று தெரிந்தால்தானே அந்த வழியை ஒருத்தன் வாய்விட்டுச் சொல்வான்? அதே தொழிற்சாலை 2010-ல் மூடப்பட்டு நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்ததும் உண்மை, அதை மறைத்து உன்னிடம் பெருமை பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த வாக்கு நிலைத்திருந்த வருடங்களில் என்ன நடந்தது என்பதும் உண்மைதான்.

நான் குவாலிட்டியில் இருந்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ரப்பர் சீல் பொருத்தும் ஒரு ஸ்டேஷன் இருந்தது. சீலின் இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் உதடு மாதிரி சின்ன விளிம்பு. மாற்றிப் போட்டால் லீக் டெஸ்ட்டில் போகும். அங்கே கான்ட்ராக்ட்டில் வந்த ஒரு பெண், திருவண்ணாமலைப் பக்கம், பிளஸ் டூ முடித்தவள், தன் நெயில் பாலிஷால் ஃபிக்சரில் (பொருளைப் பிடித்து வைக்கும் தாங்கியில்) ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள், விளிம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று. அவளுக்காகத்தான் வைத்தாள், ஆனால் அந்த ஸ்டேஷனில் யார் உட்கார்ந்தாலும் மாற்றிப் போடுவது நின்றுவிட்டது. அப்புறம் கஸ்டமர் ஆடிட், வாங்குகிற கம்பெனி ஆட்கள் வந்து சோதித்துப் பார்ப்பது. அனுமதியில்லாத மார்க்கிங் என்று யாரோ கேட்பதற்கு முன்பே சூப்பர்வைசர் தின்னர் துணியைக் கொடுத்து அவளையே துடைக்கச் சொன்னார், எல்லோர் முன்னாலும், “உன்னை யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னா” என்ற கேள்வியோடு. ரிஜெக்‌ஷன் மறுபடி வந்தது. சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் சென்சார் வைத்தார்கள், ஒரு இன்ஜினியரின் பெயரில் அது கைசன் போட்டிக்கும் போனது. அந்தப் பெண் அதற்குள் வேறு லைனுக்கு மாறிவிட்டாள். அங்கே ஏதாவது சரியில்லை என்று நான் கேட்டாலும் “தெரியலைங்க மேடம்” என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வராது. அவளைத்தான் அந்தக் கம்பெனியின் மீட்டிங்கில் யோசனை வராதவர்கள் என்று கணக்கில் சேர்த்தார்கள்.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். கேன்டீன் சீட்டையும் பஸ் சீட்டையும் நீ கழிவு என்று ஒதுக்கிவிட்டாய். எனக்கு அதில்தான் நம்பிக்கை இருக்கிறது. பெட்டியில் போட்டால் யாராவது படிக்கிறார்களா, படித்தால் ஏதாவது நடக்கிறதா, எழுதியவன் மாட்டிக்கொள்கிறானா என்று ஜனம் முதலில் சாம்பாரை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கும், தன் வேலை நுணுக்கத்தை வைத்துச் சோதிக்காது. அந்த பஸ்ஸை முதலில் சரிசெய். நைட் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நிற்கிறவனிடம் நீ சைக்கிள் டைம் (ஒரு பொருளை முடிக்க ஆகும் நேரம்) குறைக்க வழி கேட்டால் அவன் என்ன சொல்வான்? சரிசெய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்று அந்த ஷிப்ட்டில் போய் நேரில் சொல். டொயோட்டாவின் யோசனைத் திட்டம் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை, 1950-ல் அவர்கள் ஆட்கள் அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்துதான் 1951-ல் தங்கள் கம்பெனியில் தொடங்கினார்கள். பெட்டி யாரிடமிருந்து வேண்டுமானாலும் வரலாம், பதில் உன்னிடமிருந்துதான் வர வேண்டும்.

குக்கரை நிறுத்திவிடு. ஒருத்தருக்குப் பரிசு கொடுத்தால் மீதிப்பேர் தோற்றவர்களாகிவிடுகிறார்கள், கூடவே யார் யோசனை யாருடையது என்ற சண்டையும் வரும். அதற்குப் பதிலாக யோசனை சொன்னவரையே அதைச் செய்ய விடு, டூல் ரூமில் அரை நாள் கொடு, ஒரு ஃபிட்டரைத் துணைக்கு அனுப்பு. அந்த யோசனை பலிக்காமல் போனாலும் அந்த அரை நாளுக்குக் கணக்குக் கேட்காதே. போர்டில் அவர் பெயரை எழுது, கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் பெயரை எழுது.

கான்ட்ராக்ட் என்றதும்தான் நீ போனில் சொல்லாத இன்னொன்று. உன் லைனில் இருப்பவர்களில் எத்தனை பேர் அடுத்த தீபாவளிக்கு அங்கே இருப்பார்கள் என்று உனக்கே தெரியாது. அவர்களிடம் நீண்ட நாளைக்கான யோசனை கேட்பது நியாயமா என்று நீதான் யோசிக்க வேண்டும். ஆட்குறைப்பு இல்லை என்று உறுதி கொடுக்கும் அதிகாரம் உனக்கு இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் கைசன் மூலம் மிச்சமாகும் ஆளை வெளியே அனுப்ப மாட்டோம், வேறு ஸ்டேஷனில் போடுவோம் என்று ஒரே ஒரு வரி, உன் ப்ளாண்ட்டுக்கு மட்டும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து, ப்ளாண்ட் ஹெட்டிடமும் எச்ஆரிடமும் எழுத்தில் வாங்க முடியுமா என்று பார். எடுத்த எடுப்பில் மறுப்பார்கள். ரிஜெக்‌ஷன் கணக்கை எடுத்துக்கொண்டு போ, ஒரு லைனுக்கு மட்டும் ஆறு மாதம் என்று கேள். கிடைத்தாலும் எனக்கு எழுது, கிடைக்காவிட்டாலும் எழுது, வேறு எந்த வழியாகக் கேட்கலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா